துறுதுறுத்த பிள்ளைகளின் நாற்பது வயது

1968-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் துள்ளித் திரிந்து, சொன்னதைக் காதில் வாங்காமல், தொட்ட காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும் குழந்தைகளைப் பற்றி அதில் சில வரிகளே எழுதி, குமரப் பருவம் வந்ததும் இந்தச் சுபாவம் பெரும்பாலும் தணிந்துவிடும் என்று முடித்துவிட்டது. நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிவந்ததும் ஏறக்குறைய அதுவேதான். ‘வாலுப் பிள்ளை, வயசு வந்தால் அடங்கிவிடும்’ என்பாள் பாட்டி. ‘விளையாட்டுப் புத்தி, பொறுப்பு வந்தால் போய்விடும்’ என்பார் மாமா. அதற்கும் அடங்காமல் இருபத்தைந்து வயதைத் தொட்டுவிட்டவனுக்கு, ‘ஒரு கால்கட்டைப் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்பது உறவினர் கூடிச் சொல்லும் கடைசி மருந்து. வைத்திய சாஸ்திரமும் வீட்டு அநுபவமும் ஒரே பக்கம் நின்று சொன்ன இந்த ஆறுதல் மொழி உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு: அந்தக் குழந்தைகளின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அவர்களுக்கு மீசை முளைத்து, வேலை கிடைத்து, மணம் முடிந்து, காதோரம் நரைக்கும் வரையில், ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்து செல்வது. அப்படிப் பின்தொடர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டு வந்து சொன்ன செய்தி நம்முடைய பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், ஏன், வைத்தியர்களில் பலருக்குமே, இன்னும் எட்டவில்லை.

ஏ.டி.எச்.டி. என்று உலகெங்கும் சுருக்கமாக வழங்கும் இந்த நிலையை நம் பத்திரிகைகள் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகின்றன. குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேரிடமும், வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேரிடமும் இது காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வளர்ப்புக் கோளாறு என்ற பழி நெடுங்காலம் தாய்மார்களின் தலையில் விழுந்துவந்தது. இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளோ, இந்தச் சுபாவத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேற்றுமையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குப் பரம்பரையே காரணம் என்று காட்டின. 2007-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிலையத்தில் பிலிப் ஷாவும் அவருடைய சகாக்களும் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மூளையைப் பல தடவை படம் பிடித்துப் பார்த்தபோது, மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை வயதளவில் மூளைப் புறணியின் சரிபாதி இடங்கள் எட்டிவிடும் உச்சக் கனத்தை இந்தக் குழந்தைகளின் புறணி எட்டுவதற்குப் பத்தரை வயதாயிற்று. இவர்களுக்குக் கவனமே கிடையாது என்று எண்ணிவிடவும் கூடாது. மனத்துக்குப் பிடித்த காரியத்தில் இறங்கிவிட்டால் சோறு தண்ணீர் மறந்து அதிலேயே மூழ்கிவிடக்கூடியவர்கள் இவர்கள். கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்கு நிறுத்தி வைக்கவும், எழுந்த அவசரத்தை ஒரு கணம் அடக்கிக்கொள்ளவும், நாளைக்கு வரப்போகும் தேவையை இன்றைக்கே உணர்ந்து செயல்படவும் வேண்டிய ஆற்றல்தான் இவர்களிடம் பலவீனமாக இருக்கிறது.

பின்தொடர்ந்து சென்றவர்களுள் முன்னோடிகள் என்று கானடா நாட்டின் மான்ட்ரியல் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த கேப்ரியேல் வைஸ், லில்லி ஹெக்ட்மன் ஆகிய இரண்டு பெண் வைத்தியர்களைச் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் தங்களிடம் கொண்டுவரப்பட்ட நூற்றுச் சொச்சம் குழந்தைகளை ஐந்தாம் ஆண்டிலும், பத்தாம் ஆண்டிலும், பதினைந்தாம் ஆண்டிலும் தேடிப் பிடித்து அவர்கள் பரிசோதித்தார்கள். அவர்கள் செய்த பல காரியங்களுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் வாலிபர்களான சமயத்தில், ஒரே மாதிரியான மதிப்பீட்டுத் தாளை அவர்களுடைய பள்ளி உபாத்தியாயர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளுக்கும் தனித்தனியே அனுப்பிக் கேட்டார்கள். உபாத்தியாயர்கள் இந்தப் பிள்ளைகளை மற்றவர்களைவிட எல்லா வகையிலும் தாழ்த்தியே மதிப்பிட்டார்கள். முதலாளிகளோ இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் எவ்வித வித்தியாசத்தையும் காணவில்லை. 1978-இல் வெளியான இந்த முடிவைப் படிக்கும் எவருக்கும், மணிக்கணக்கில் பெஞ்சியில் உட்கார்ந்து, பிறர் சொல்வதைக் கேட்டு, கேட்டதை எழுதிக் காட்டுவது ஒன்றையே மனிதத் தகுதியாகக் கொள்ளும் இடத்தில் தோற்றவன், கையும் காலும் அசைந்து வேலை செய்யும் இடத்தில் தோற்க வேண்டியதில்லை என்பது புலனாகும். ஆனாலும் விஷயத்தை அங்கேயே நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். பதினைந்தாம் ஆண்டுப் பரிசோதனையில், தாமே திட்டமிட்டு, தாமே முடித்து, மேலதிகாரியோடு இசைந்து நடக்க வேண்டிய இடங்களில் இவர்களுக்குத் தடுமாற்றம் இருப்பதை முதலாளிகளும் கண்டுகொண்டார்கள். முதல் வேலையில் மறைந்திருந்த குறை, பதவி உயர உயர வெளிப்பட்டது.

நியூயார்க் நகரத்தில் ரேச்சல் கிளைனும் சால்வடோர் மனூசாவும் நடத்திய ஆராய்ச்சி இன்னும் நீண்டது. முடிவுகள் இன்னும் கடுமையானவை. 1970-களில் எட்டு வயதளவில் தங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்த 207 சிறுவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமும் திருட்டும் பொய்யுமாக நடத்தைக் கோளாறு உள்ளவர்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள் என்பது இங்கே முக்கியம். எடுத்துக்கொண்டவர்கள் வெறும் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் மாத்திரம் உள்ள, நடுத்தரக் குடும்பத்து வெள்ளையினப் பையன்கள். பதினெட்டு வயதிலும் இருபத்தைந்து வயதிலும் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி தொடங்கி முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, சராசரி 41-ஆவது வயதில் மறுபடியும் தேடிச் சென்றபோது 135 பேரைச் சந்திக்க முடிந்தது. 2012-இல் வெளியான அந்த அறிக்கையின்படி, இவர்களில் 31 சதவீதத்தினர் உயர்நிலைப் பள்ளியையே முடித்திருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட மற்றவர்களில் முடிக்காதவர்கள் நான்கு சதவீதத்தினர்தாம். பட்ட மேற்படிப்பு வரை சென்றவர்கள் இவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. மற்றவர்களிலோ நூற்றுக்கு இருபத்தொன்பது பேர். இவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் வாழ்நாளில் ஒரு தடவையேனும் சிறையைப் பார்த்திருந்தார்கள். தொடங்கிய 207 பேரில் 15 பேர் அதற்குள் இறந்தே போயிருந்தார்கள்.

நோய்க்குறிகளின் கதி என்னவாயிற்று என்றால், நாற்பத்தோராம் வயதில் முழு அளவில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் 22 சதவீதத்தினர்தாம். அதாவது, ‘வயசு வந்தால் அடங்கும்’ என்ற பாட்டியின் வாக்குப் பெரும்பாலும் பலித்துத்தான் இருக்கிறது. அடங்கவேண்டிய துள்ளல் அடங்கியது. ஆனால் அந்தத் துள்ளலின் காலத்தில் இழந்துபோன படிப்பும், வாங்கிக்கொண்ட கெட்ட பெயரும், பழகிக்கொண்ட போதையும் அதோடு சேர்ந்து அடங்கவில்லை. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதில் ஆதரவு கிடைக்கவில்லை. மணமுறிவு பெற்று நின்றவர்கள் இவர்களிடையே மற்றவர்களைப்போல மும்மடங்கு. கட்டிக்கொண்ட பெண்ணைக் கருவியாக்கி ஒரு வாலிபனின் சுபாவத்தைத் திருத்திவிடப் பார்ப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லிவிட முடியாது. அந்த அறிக்கையில் ஆறுதலான செய்தி ஒன்றும் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டிய பிறகு புதிதாக வேறு மனநோய்கள் தோன்றுவது இவர்களிடம் மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக இல்லை. விபரீதங்கள் வேர்கொண்ட காலம் பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகள். காவல் போட வேண்டிய இடம் எது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக் காட்டும் ஆராய்ச்சி மனநல வைத்தியத்தில் அபூர்வம்.

இந்த இழப்புகள் எப்படிச் சேர்கின்றன? பெரிய வீழ்ச்சி என்று சொல்லும்படியான ஒரு நாளைக் குறிப்பிட்டுக் காட்ட முடியாது. அற்பமான தவறுகள் வட்டிக்கு வட்டியாகக் குட்டி போடுகின்றன. வைத்தியர்கள் நன்கறிந்த ஒரு மாதிரியை இங்கே கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முப்பத்துநான்கு வயதான குடும்பஸ்தர். கைவசம் தொழில் இருக்கிறது, சாமர்த்தியசாலி என்ற பெயரும் இருக்கிறது. மின்கட்டணம் கட்டக் கையில் பணமும் இருக்கிறது. காலையில் கட்டிவிடலாம் என்று போனைக் கையில் எடுக்கிறார். அதற்குள் யாரோ அனுப்பிய ஒரு செய்தி கண்ணில் படுகிறது. அதைப் பார்த்துப் பதில் எழுதி, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போய், குளிக்க நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டு ஓடுகிறார். கெடு தாண்டுகிறது. ஒரு நாள் மத்தியானம் ஆள் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். ‘ஏங்க, எத்தனை தடவை சொன்னேன், கரண்ட் பில்லைக் கட்டிடுங்கன்னு? காசு இல்லாம போயிருந்தாக்கூட மனசு ஆறும்’ என்கிறாள் மனைவி. அவள் சொல்வது முழுக்க நியாயம். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அடுத்த மாதம் கடன் அட்டையின் தவணை தவறுகிறது. அதற்கடுத்து ஸ்கூட்டரின் இன்ஷூரன்ஸ் காலாவதியாகிறது. காலாவதியான பத்தாம் நாள், அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டிய வண்டி இன்னொரு வண்டியின்மேல் போய் மோதுகிறது. இவற்றில் எதையும் தனியே எடுத்துப் பார்த்தால் யாருக்கும் நேரக்கூடியதுதான். பத்து ஆண்டுகளில் இவை எல்லாம் ஒரே மனிதருக்கு மாறி மாறி நேரும்போது, பொறுப்பற்றவர் என்று உலகம் அவருக்குப் பட்டம் சூட்டிவிடுகிறது. நாளடைவில் அவரே அதை நம்பவும் தொடங்கிவிடுகிறார். பிட்ஸ்பர்க் நகரத்தில் குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடரப்பட்டவர்களின் வரவுசெலவை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். முப்பது வயதில் இவர்களுடைய சம்பாத்தியம் மற்றவர்களுடையதைவிட 37 சதவீதம் குறைவு. நோய்க்குறிகள் நீங்கிவிட்டதாகத் தோன்றியவர்களிடமும் பணக் கஷ்டம் நீங்கவில்லை என்பதுதான் அதில் கவனிக்கத்தக்கது.

இனி உடம்பின் கதை. டென்மார்க் நாட்டில் பிறப்பு, படிப்பு, நோய், சாவு ஆகிய எல்லாமே குடிமக்கள் பதிவேட்டில் ஏறிவிடுவதால், ஆய்வாளர்கள் அங்கே ஒரு தேசம் முழுவதையுமே பின்தொடர முடிகிறது. ஸோரன் டால்ஸ்கார்டும் அவருடைய சகாக்களும் 1981 முதல் 2011 வரை பிறந்த 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைச் சோதித்து 2015-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்பட்ட முப்பத்திரண்டாயிரம் பேர்களின் மரண விகிதம் மற்றவர்களைப்போல இருமடங்காக இருந்தது. அந்த மரணங்களில் பெரும்பாலானவை நோயினால் நேர்ந்தவை அல்ல, விபத்தினால் நேர்ந்தவை. அந்தக் கணக்கிலேயே இன்னொரு வரி என்னைக் கலங்கச் செய்தது. சிறுவயதிலேயே கண்டறியப்பட்டவர்களின் மரண விகிதம் மற்றவர்களைவிட இருமடங்குக்கும் குறைவாகவே உயர்ந்திருக்க, பதினெட்டு வயதுக்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களின் விகிதம் நான்கு மடங்கைத் தாண்டியது. தாமதமாகக் கண்டறியப்படுகிறவர்கள் பலர் ஏற்கெனவே கடுமையான தொல்லைகளில் சிக்கிக்கொண்ட பிறகே வைத்தியரிடம் வருகிறார்கள் என்பதனால் இந்த எண் அவ்வளவு பெரிதாகத் தெரிவதும் உண்டு. ஆனால் அவர்கள் முன்பே வந்திருந்தால் அந்தத் தொல்லைகளில் எத்தனை நேராமலே போயிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2025 ஜனவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள், பிரிட்டனில் குடும்ப வைத்தியர்களின் பதிவேடுகளில் ஏ.டி.எச்.டி. என்று குறிக்கப்பட்டிருந்த முப்பதாயிரம் பெரியவர்களின் ஆயுளைக் கணக்கிட்டார்கள். ஆண்களுக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளும், பெண்களுக்கு எட்டரை ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகவும் ஆயுள் குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த நாட்டில் இந்நிலை உள்ள பெரியவர்களில் மிகச் சிலரே பதிவேட்டில் ஏறியிருக்கிறார்கள், ஏறியவர்கள் அதிகத் துன்பப்பட்டவர்களாகவே இருக்கலாம், ஆகையால் எல்லோருக்கும் இதே கணக்கைப் பொருத்திவிடக் கூடாது என்று அவர்களே எச்சரித்தும் இருக்கிறார்கள். கவனச் சிதறல் நேராகச் சென்று யாருடைய இருதயத்தையும் நிறுத்துவதில்லை. புகைப்பது அதிகம், குடிப்பது அதிகம், உறக்கம் கெடுகிறது, வேளை தவறிய உணவினாலும் அளவு தவறிய உணவினாலும் உடம்பு பருக்கிறது, பருத்த உடம்பில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் குடியேறுகின்றன. அவற்றுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதை வேளா வேளைக்கு விழுங்கவும், மறுபடி காட்ட வேண்டிய தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போகவும் எந்த ஆற்றல் வேண்டுமோ, அந்த ஆற்றல்தான் இவர்களிடம் ஆரம்பத்திலிருந்தே குறைவு.

பெண்களுக்கு ஆயுள் இழப்பு அதிகம் என்று மேலே சொன்னதை வாசகர்கள் லேசாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. துள்ளித் திரியும் பையன் வகுப்பையே கலைத்துவிடுகிறான். ஆகையால் அவனை யாராவது வைத்தியரிடம் அழைத்துப் போகிறார்கள். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு எங்கோ நினைவாக உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே அவளை யாரும் கவனிப்பதும் இல்லை. வீட்டிலோ ஒரு பெண் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதையும், சாமான் போட்டது போட்டபடி கிடப்பதையும், பையன் செய்தால் சிரித்துவிட்டுப் போகிற உலகம், அவளுடைய குணத்துக்கே இழுக்காகப் பேசுகிறது. கலிபோர்னியா மாகாணத்து பெர்க்கிலியில் ஸ்டீவன் ஹின்ஷா, 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஏ.டி.எச்.டி. உள்ள 140 சிறுமிகளையும், ஒப்பீட்டுக்காக வேறு 88 சிறுமிகளையும் பின்தொடர்ந்து வந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, கவனச் சிதறலும் மிகையியக்கமும் சேர்ந்து இருந்த பெண்களில் நூற்றுக்கு 22 பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். மற்றப் பெண்களில் இது ஆறு. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர்கள் பாதிப் பேர். சிறுவயது முதலே ‘உனக்கு எத்தனை சொன்னாலும் உறைக்காதா’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண் தன்மீதே கொள்ளும் வெறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைக் காட்டிலும் பயங்கரமான சான்று வேண்டாம். நம் வீட்டில் அப்படி ஒரு பெண்ணோ பையனோ இருந்து, அவர்கள் பேச்சில் விரக்தி தொனித்தால், நாள் கடத்தாமல் பேச வேண்டும்; 14416 என்ற எண்ணில், டெலி-மானஸ் என்ற அரசாங்க உதவி மையத்தில், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேச ஆள் இருக்கிறார்கள்.

மருந்தினால் பிரயோஜனம் உண்டா என்ற கேள்விக்குப் பெற்றோர்கள் எதிர்பார்க்கும் ஒற்றைச் சொல் விடை கிடையாது. 1937-இல் அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் உள்ள ஒரு குழந்தைகள் விடுதியில் சார்லஸ் பிராட்லி என்ற வைத்தியர் 30 குழந்தைகளுக்கு பென்ஸிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் பாதிப் பேர் திடீரென்று பாடத்தில் சிரத்தை கொண்டு உட்கார்ந்த அதிசயத்தைக் கண்டார். கணக்கு நன்றாக வருகிறது என்று குழந்தைகளே அதைக் ‘கணக்கு மாத்திரை’ என்று அழைத்தார்களாம். அன்று முதல் இன்று வரை, அன்றாட நோய்க்குறிகளைத் தணிப்பதில் இந்த இன மருந்துகளின் பலன் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைபெற்றிருக்கிறது. நீண்ட காலப் பலன்தான் விவாதத்துக்கு உரியது. அமெரிக்காவில் 579 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து நடத்திய எம்.டி.ஏ. என்ற பெரிய ஆராய்ச்சியில், பதினான்காம் மாத முடிவில் மருந்து பெற்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மூன்றாம் ஆண்டில், பலரும் மருந்தை விட்டும் தொடர்ந்தும் கலந்துபோன நிலையில், குழுக்களுக்கிடையே அந்த வேற்றுமை மறைந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் மருந்து உண்டவர்களின் உயரம் சற்றுக் குறைந்ததையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இன்னொரு பக்கம், ஸ்வீடன் நாட்டின் பதிவேடுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. ஒரே மனிதர் மருந்து உண்ட மாதங்களையும் உண்ணாத மாதங்களையும் ஒப்பிட்டபோது, உண்ட காலத்தில் ஆண்கள் செய்த குற்றங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சாலையில் பலத்த விபத்துகளில் சிக்குவதும் ஆண்களிடம் பாதிக்கு மேல் குறைந்தது. ஒன்றரை லட்சம் பேரை வைத்து 2024-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, கண்டறிந்தவுடன் மருந்தைத் தொடங்கியவர்களின் மரண விகிதம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்ததைக் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது என் அபிப்பிராயம் இதுதான்: மருந்து உண்ணும் நாளில் அது காப்பாற்றுகிறது, உண்ணாத நாளுக்கு அது சேமித்து வைப்பதில்லை. படிப்பு, பழக்கம், நட்பு இவற்றை அந்தக் காப்பாற்றப்பட்ட நாட்களில் யாராவது கூட இருந்து கட்டிக்கொடுக்க வேண்டும்.

அதே எம்.டி.ஏ. பிள்ளைகளைப் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து மார்கரெட் சிப்லி எழுதிய அறிக்கை, குணமாகிவிட்டது, குணமாகவில்லை என்று இரண்டே பெட்டிகளில் மனிதரைப் போடும் வழக்கத்தை உடைத்துவிட்டது. முற்றிலும் குணமடைந்து அப்படியே நீடித்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். இடையறாமல் துன்பப்பட்டவர்கள் ஏறக்குறைய பதினொரு பேர். மிகப் பெரும்பாலோர், அறுபத்துநான்கு சதவீதத்தினர், சில ஆண்டுகள் நன்றாக இருந்து, பிறகு மறுபடியும் தடுமாறி, மீண்டும் தேறி வந்தார்கள். தேறிய காலத்தில் ‘இனி வைத்தியர் எதற்கு’ என்று விட்டுவிடுவதும், தடுமாறும்போது ‘இத்தனை செய்தும் வீண்தானே’ என்று மனம் உடைவதும் இரண்டுமே தவறு என்பதை, இந்தப் பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு தாய் தந்தைக்கும் உரத்துச் சொல்ல வேண்டும்.

துறுதுறுப்பாக இருக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிடும் அபாயத்தையும் நான் மறக்கவில்லை. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், செப்டம்பர் முதல் தேதியைப் பள்ளிச் சேர்க்கைக்கு எல்லையாகக் கொண்ட மாகாணங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் மாதத்துக் குழந்தைகள், மூத்தவர்களான செப்டம்பர் குழந்தைகளைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு வயது இளையவன் சற்று அதிகம் நெளிவது இயற்கை. அதை நோய் என்று எழுதுமுன் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலோ இன்றைய அபாயம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. கோயமுத்தூரில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 ஆரம்ப வகுப்புக் குழந்தைகளைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்குப் பதினோரு பேரிடம் இதைக் கண்டது. ஒரு நகரத்தின் சில பள்ளிகளில் எடுத்த கணக்கு மாநிலத்துக்கே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு குழந்தையேனும் இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு அது போதும். அதே ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் தன் பரிசோதனைப் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது. மாவட்டந்தோறும் அமைந்த ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களுக்குப் பள்ளியிலிருந்தே குழந்தையை அனுப்ப வழி இருக்கிறது. தங்கள் பிள்ளைக்காக அங்கே போகும் பெற்றோர்களில் ஒருவர், வைத்தியர் கொடுத்த கேள்வித்தாளைப் படித்துக்கொண்டே வந்து, ‘டாக்டர், இது எல்லாம் எனக்கும் இருந்துச்சே’ என்று சொல்வது மனநல வைத்தியர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அந்தத் திட்டம் பதினெட்டு வயதோடு முடிந்துவிடுகிறது. கல்லூரி, முதல் வேலை, முதல் மோட்டார் சைக்கிள், முதல் கடன் என்று ஆபத்துகள் தொடங்கும் வயதில், சோதிப்பதற்கென்று அமைந்த கை விலகிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஆட்டிசம் உண்டு, ஏ.டி.எச்.டி.க்குத் தனி இடம் இல்லை. முக்கியமான மருந்தோ போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், சிறு ஊர்களின் மருந்துக் கடையில் அது எளிதாகக் கிடைப்பதும் இல்லை.

மான்ட்ரியல் வைத்தியர்கள், வளர்ந்து ஆளான தங்கள் நோயாளிகளிடம், உங்களை மீட்டது எது என்று கேட்டிருக்கிறார்கள். தன்னை நம்பிய ஒருவர் இருந்தார் என்பதுதான் அவர்களில் மிகுதியானவர்கள் சொன்ன விடை. பெரும்பாலும் அது தாயோ, தந்தையோ, ஓர் உபாத்தியாயரோ. அப்படி ஒருவர் வாய்க்காமல் நாற்பதைத் தொட்டவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய இலாகாவோ தேவையில்லை. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொடுத்த மாத்திரையை உண்ண மறந்து மறந்து, அளவு ஏறிக்கொண்டே போகும் நோயாளியைச் சந்திக்கும் செவிலியரோ வைத்தியரோ, அவரைக் கடிந்துகொள்ளும் அந்த இரண்டு நிமிஷத்தில், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கென்று வகுத்திருக்கும் ஆறு கேள்விகளைக் கேட்டுவிடலாம்: தொடங்கிய வேலையின் கடைசிப் பகுதியை முடிக்கச் சிரமப்படுகிறீர்களா, காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தடுமாறுகிறீர்களா, போக வேண்டிய நாளையும் செய்ய வேண்டிய கடமையையும் மறக்கிறீர்களா, யோசித்துச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுகிறீர்களா, நெடுநேரம் உட்கார நேர்ந்தால் கைகால் சும்மா இருப்பதில்லையா, ஏதோ ஓர் இயந்திரம் ஓட்டுவதுபோல ஓடிக்கொண்டே இருக்கிறீர்களா? இவற்றில் நான்குக்கு ‘அடிக்கடி’ என்று பதில் வருமானால், அடுத்துக் கேட்க வேண்டியது பள்ளிக்கூட நாட்களைப் பற்றி. அதற்கு அடுத்தது, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு.